கடைவாய்ப் பல்லோடு மலையில்

பல்லுக்கான வேர் சிகிச்சையின் முதல் பாதியைப் போடியில் முடித்துக்கொண்டு மறுநாளே ஜீப்பு ஏறிவிட்டேன். பறிப்புக் காலம். எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் வேலை என்னுடையது, மாற்றாள் கிடையாது. நான் போய்ச் சேர்ந்த அன்றே மழை பிடித்து, போடிமெட்டுக்குக் கீழே பாறை உருண்டு பாதை அடைபட்டது. குமுளி சுற்றி இறங்கலாமென்றால் அங்கும் மண் சரிவு.

வலியும் அன்றுதான் ஆரம்பித்தது. கீழ்க் கடைவாய்ப் பல். வாயை மூடினால் மேல் பல் அதில் இடிக்கும். இடித்தால் காதுவரை இழுக்கும். அதனால் வாயைப் பிளந்தபடியே திரிந்தேன். உலர்த்தும் அறைக்குள் சூடு. வெளியே வந்தால் குளிர்காற்று பல்லில் ஏறியது. மாத்திரை தீர்ந்துபோனது. மலையாளத்துக்கார ஜீப்பு டிரைவர் கிராம்பு கொண்டுவந்து கொடுத்து, "சேட்டா, வழி தொறந்தா முதல் வண்டி உங்களுக்குத்தான்" என்றார்.

போனில் மனைவி கேட்டாள்: "ஏதாச்சும் சாப்பிட்டீகளா?"

"ம்."

"வாயத் தொறந்து பேசுங்க."

திறந்துதான் இருந்தது. பேச்சுதான் வரவில்லை.

பாதை திறந்ததும் போடிக்கு இறங்கி நேரே அதே பல் டாக்டரிடம் போனேன். பக்கத்துச் சிலமலை ஊர்க்காரப் பெண். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, வேரு நுனியில வளைஞ்சு கெடக்கு. போன தடவை வேருக்குள்ள சுரண்ட மெஷின் ஊசி விட்டேன்ல, அது நுனியத் தாண்டி உறுத்தியிருக்கும். மேல வச்ச அடைப்பும் கொஞ்சம் உசரம். இன்னைக்கு மெல்லிசான கை ஊசிதான். நேரமாகும், பொறுத்துக்கோங்க."

மரக்க ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் விரித்து, கவ்வி மாட்டினார். பக்கத்தில் நின்ற உதவியாளர், "மெஷின்னா வெரசா முடிஞ்சிரும்ல மேடம்?" என்றார்.

"வளைவுல ஒடிஞ்சு உள்ள மாட்டிக்கிட்டா யாரு எடுக்குறது?"

ஒடியுமா என்று கேட்க வாயில்லை. எழுந்து போகவும் முடியாது. மலையிலாவது நடந்து திரிந்தேன். இங்கே நாற்காலிக் கையைப் பிடித்தபடி கிடந்தேன். அவர் இரண்டு விரலால் ஊசியைக் கொஞ்சமாகத் திருகுவார், உருவித் துடைப்பார், மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவார், மறுபடி திருகுவார். கடைசியில் தற்காலிகமாகத் திரும்ப அடைத்து, மேல்பக்கத்தை உயரம் குறைய ராவிவிட்டு, "இப்பக் கடிங்க" என்றார்.

நான் கடிக்கவில்லை.

"கடிங்கண்ணே, ஒண்ணும் செய்யாது."

கடித்தேன். மரத்துப்போன வாயில் வலி எதுவும் தெரியவில்லை. அதை நம்பவும் தோன்றவில்லை.

மறுநாள் மனைவி சோற்றைக் குழைய வடித்துத் தந்தாள். மேல் பல் கீழ்ப் பல்லைத் தொட்டது. லேசான கடுப்புதான். தட்டைக் காலி செய்தேன்.

"மலைக்கு எப்பப் போறீக?" என்றாள்.

"பல்ல முழுசா முடிச்சுட்டுத்தான்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.