தாமரைக்கோழிக் கூட்டுக்கு வந்த விருந்தாளிகள்

பறவை காட்டிப் பிழைக்கிற தொழிலில் பறவையால் ஒரு தொந்தரவும் கிடையாது. பார்க்க வருகிறவர்களைத்தான் தாங்க முடியாது. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர்கள், ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடுகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடத்துகிறவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குச் சொன்னால் புரியும்.

நான் பாறசாலைக்காரி. திருப்புறம் பக்கம் நெல் விதைப்பதை நிறுத்திய வயல்களில் தண்ணீர் தேங்கித் தாமரை படர்ந்து, இப்போது அது பறவைக் காப்பிடம். அங்கே நான் கைடு. இந்த மழைக்காலத்தில் வயல் வரம்பிலிருந்தே தெரிகிற தூரத்தில் ஒரு தாமரைக்கோழி முட்டையிட்டது. மிதக்கிற இலைமேல் கொஞ்சம் புல்லைப் போட்டு, அதைக் கூடு என்று நம்புகிற பறவை அது. குஞ்சு பொரிந்து தண்ணீரில் இறங்கும்வரை அதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுதல்.

பட்டாளத்து உடுப்பு

முதலில் வந்தவர் ஒரு வங்கி அதிகாரி. தொப்பி முதல் பூட்ஸ் வரை இலை அச்சடித்த பட்டாளத்து உடுப்பு; கேமராவுக்கும் அதே துணியில் சட்டை. இதைப் போட்டால் பறவைக்கு ஆளே தெரியாதாம். ஆனால் பூசியிருந்த சென்ட் நெய்யாற்றின்கரை வரை மணத்திருக்கும். வரம்பில் உட்கார்ந்ததும் ஃபோன் செண்டை மேளத்தோடு அடித்தது. ரசமா புளிசேரியா என்று வீட்டில் கேட்டதற்கு, அக்கரைக்குக் கேட்கிற குரலில் தீர்ப்பு சொன்னார். கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் எழுந்து போயின. கூட்டில் இருந்த தாமரைக்கோழி மட்டும் முட்டையை விட்டுப் போக மனமில்லாமல் தலையைத் தாழ்த்திக்கொண்டது. அதை அவர் பார்க்கவே இல்லை. கிளம்பும்போது எனக்கு ஆறுதல் சொன்னார்.

"எடம் கொள்ளாம் கேட்டியளா, பட்சிதான் இல்ல."

அப்பன் அடை இருக்கிறான்

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மனைவியோடும் பேரப்பிள்ளைகளோடும் வந்தார். பைனாகுலர் கைக்கு வந்ததுமே தாய்ப்பாசம் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டார். அடை இருப்பது அப்பன், அம்மை முட்டையிட்டுவிட்டு அடுத்த மாப்பிள்ளையைத் தேடிப் போய்விட்டாள், இந்த இனத்தில் அதுதான் வழக்கம் என்று நான் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் முன்னால் இப்படியெல்லாம் பேசலாமா என்று என்னைக் கண்டித்தார். பறவையைக் கண்டிக்க வழி இல்லையே. அவர் மனைவி கண்ணிலிருந்து பைனாகுலரை இறக்காமலே சொன்னார்.

"மறுபிறவி உண்டுன்னா நான் இந்தக் கோழியாட்டு பொறக்கணும். நீங்க அடை இருங்க."

தோட்ட வேலை

மூன்றாமவர் திருவனந்தபுரத்துப் பல் டாக்டர். லென்ஸ் வாழைத்தார் கனம் இருக்கும். வந்ததுமே, கூட்டை மறைக்கிற இலைகளை வெட்டச் சொன்னார். படம் பிடிக்கிறவர்கள் பாஷையில் இதற்குக் 'கார்டனிங்' என்று பெயர். அடுத்தவன் வீட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு, அதைத் தோட்ட வேலை என்கிற கெட்டிக்காரர்கள். முடியாது என்றேன். சிரித்துக்கொண்டே போனார். மறுவாரம் நான் கள்ளிக்காட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்து, எங்கள் வள்ளக்காரன் ஸ்டீபனை அழைத்துப் போய்க் காரியத்தை முடித்துவிட்டார்.

நான் வந்து பார்க்கும்போது கூடு வெட்டவெளியில் கிடந்தது. மேலே காக்கைகள். அந்தத் தகப்பன் பறவை ஒரு முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கி அடுத்த இலைக்கு இழுத்துப் போனால், விட்டுப்போன முட்டையைக் காக்கை தூக்குகிறது. திரும்பி ஓடி வந்தால், இழுத்து வைத்ததையும் தூக்குகிறது. நானும் ஸ்டீபனும் வள்ளம் தள்ளிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஸ்டீபனை அறையலாமா என்றும் வந்தது. யாரையும் கூட்டைத் தொட விடாதே என்று அவனிடம் தினமும் சொல்லியிருந்தேன். அவனும் அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தான்.

"எக்கா, கூட்டுல ஒருத்தரும் கை வைக்கல்ல. சுத்தி உள்ள இலயத்தானே வெட்டினேன்."

முதல் பரிசு

நெய்யாற்றின்கரையில் புகைப்படக் கண்காட்சி நடந்தது. டாக்டரின் படத்தில் தாமரைக்கோழி சிறகை விரித்து நிற்க, காலடியில் முட்டைகள். தலைப்பு 'காவல்'. அதற்குத்தான் முதல் பரிசு. ஈரநிலங்களைக் காப்பது பற்றி டாக்டர் மேடையில் மலையாளத்தில் பேசினார். அந்தப் பறவை சிறகை விரித்தது இவருடைய வள்ளத்தை விரட்டத்தான் என்பது கைதட்டியவர்களுக்குத் தெரியாது. கூட்டம் கலைந்ததும் நேரே போய், நீங்கள் இலையை வெட்டியதால் அத்தனை முட்டையையும் காக்கை தின்றுவிட்டது என்றேன். கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ அந்த முட்டையளோட கடசிப் படம் எனக்க கையிலயாக்கும் உள்ளது, இல்லியா?"

இப்போதெல்லாம் யாராவது கூடு எங்கே என்று கேட்டால், இங்கே வருகிறதெல்லாம் கூடு கட்டாத இனம் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய லென்ஸ்காரர்கள்தான் முதலில் ஆமாம் என்று தலையாட்டுகிறார்கள்.