கழுநீர்த் தொட்டிக்குப் போன சோறு

மகள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அடுப்பு மேடையில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டுப் போவாள். எவர்சில்வர் கிண்ணம், மேலே ஒரு மூடித் தட்டு. உள்ளே குழைய மசித்த பருப்புச் சோறு, கொஞ்சம் நெய், துளிப் பெருங்காயம். தட்டை எடுத்தால் வாசம் வரும். நல்ல வாசம்தான். நான் மட்டும் சட்டென்று மூடிவிடுவேன்.

பேரனுக்குப் பதினோரு மாதம். மகள் திண்டுக்கல்லில் துணிக்கடையில் பில் போடுகிறாள், காலையில் பிள்ளையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போய்ச் சாயங்காலம் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவாள். நேற்று என் மனைவி சகாயம் ஆத்தூரில் ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. நானும் அவனும் மட்டும் என்று ஆகிவிட்டது.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, சோறு மொதல்ல. பாலு பெறகு. பாலைக் குடிச்சான்னா சோத்தத் தொட மாட்டான்."

"தெரியும்த்தா."

"தெரியும்னுட்டு, அழுத ஒடனே பாட்டிலை நீட்டிறாதீங்க."

சகாயம் சேலை மடிப்பைச் சரி செய்தபடி சிரித்தாள். "ஒங்கப்பாவுக்குச் சொல்லிக் குடுக்குறியாக்கும். ஒன்னையவே பாத்துக்கிட்ட மனுசன். நான்தேன் மில்லு மில்லுன்னு ஓடி ஒன்னையக் கெடுத்தேன்."

இதை அவள் இருபத்தைந்து வருடமாகச் சொல்கிறாள். வேடிக்கை போலத்தான் சொல்வாள். நானும் இருபத்தைந்து வருடமாகத் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறேன். அவள் கெடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும்.

முதலில் மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது எங்களிடம் ஒரு செவலை மாடு இருந்தது. ஜெர்சிக் கலப்பு. காலையில் ஆறு லிட்டர், சாயங்காலம் நாலு. சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவர்கள் என் கேனை எட்டிப் பார்ப்பார்கள். நான் பார்க்காத மாதிரி நிற்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், காடு கரை கிடையாது. பெருமைப்பட என்னிடம் வேறு என்ன இருந்தது? மாடு இருந்தது.

சகாயம் நூல் மில்லில் வேலை பார்த்தாள். விடியும் முன்னே மில் வண்டி செம்பட்டி ரோட்டில் வந்து நிற்கும். சாயங்காலம் திரும்பும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்த நூலைச் சுண்டி ஒட்டிவிடுவாளாம். வீட்டில் வந்து வெறும் விரலால் எனக்குச் செய்து காட்டுவாள். புதிதாக வருகிற பெண்களுக்கு நீதான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று சூப்பர்வைசர் சொன்ன அன்றைக்கு, தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

மகளுக்கு ஒன்பது மாதமானபோது மறுபடி வேலைக்குப் போனாள். வண்டி ஏறும் முன் பிள்ளைக்கு மூன்று எடுத்து வைத்துவிடுவாள். காலைக்குக் கேப்பைக் கூழ். மத்தியானத்துக்குப் பருப்புச் சோறு. நடுவில் கொடுக்க ஒரு சிறுமலை வாழைப்பழம். அந்தப் பழம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்னதாக, தோல் கறுத்துச் சுருங்கிப் பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், உரித்தால் வீடே மணக்கும். திண்டுக்கல்லில் இருந்து வரும் யாரிடமாவது சொல்லிப் பிள்ளைக்கென்று வாங்கி வைப்பாள்.

முதல் நாள் உண்மையாகவே ஊட்டப் பார்த்தேன். ஒரு வாய் வைத்தேன், நாக்கால் வெளியே தள்ளினாள். மறுபடி வைத்தேன். துப்பினாள். என் சட்டையெல்லாம் பருப்பு. கால் மணி நேரம் ஆகியும் கிண்ணம் குறையவில்லை. தொழுவத்தில் மாடு கத்துகிறது. புல்லறுக்கப் போக வேண்டும். அடுப்பில் காய்ச்சிய பால் இருந்தது. பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தேன். கண்ணை மூடிக் குடித்தாள், அப்படியே தூங்கிவிட்டாள். ஐந்து நிமிடம்.

சோற்றைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டிக் கலக்கிவிட்டேன். மாடு ஒரே உறிஞ்சில் குடித்தது.

சாயங்காலம் சகாயம் கேட்டாள்.

"சோறு தின்னுச்சா?"

"தின்னுச்சு."

"முழுசுமா?"

"முழுசும்."

பிள்ளையைத் தூக்கி வயிற்றில் முத்தம் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் மறுநாளும் அதையே சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படி இல்லை. சுலபமாக இருந்தது, அதனால் சொன்னேன்.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அழுதால் பால். தூங்க வைக்கப் பால். நான் வெளியே போக வேண்டுமென்றால் பால். கூழ் கோழிக்கு, சோறு மாட்டுக்கு, பழம் எனக்கு. ஆமாம், பழத்தை நான்தான் தின்றேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மாடும் கோழியும் நானும் நன்றாகத் தேறியிருந்தோம்.

பிள்ளையும் தேறிய மாதிரித்தான் இருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. எடை போட்டுப் பார்த்தவர்கள் குறை சொல்லவில்லை. அதோடு நாளாக ஆக நிறம் வெளுத்துக்கொண்டே வந்தாள். என் அக்காள் அடுத்த தெருவில் இருந்தாள். ஒரு நாள் பிள்ளையை என் கை பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏலே, கரிச்சட்டி மாதிரி இருந்துக்கிட்டு இம்புட்டு வெள்ளையா எப்புடிலே பெத்த?"

"எல்லாம் நம்ம மாட்டுப் பாலுக்கா."

இதைச் சொல்லிவிட்டு மீசையைத் தடவினேன். அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்போது மீசை என்று சொல்லும்படி பெரிதாக ஒன்றும் கிடையாது.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஞாயிற்றுக்கிழமை வேதம் படிக்கிற ஞானோபதேசப் பிள்ளைகள் எங்கள் கோயிலில் நாடகம் போட்டார்கள். பாலன் இயேசுவுக்கு எங்கள் மகளைக் கேட்டு வந்தார்கள். வெள்ளையாக இருக்கிறது, அழவே அழாது என்றார்கள். சாயங்கால வெயில் இறங்கும் நேரம். வைக்கோல் போட்ட தொட்டியில் படுக்க வைத்தார்கள். மாட்டுத் தொட்டிதான், என் தொட்டிதான், தேய்த்துக் கழுவி நானே தலையில் சுமந்துபோய்க் கொடுத்தேன். மத்தளம் அடித்தார்கள், வெடி போட்டார்கள், ஆட்டுக்குட்டி ஒன்று வந்து காதருகில் கத்தியது. பதிமூன்று மாதப் பிள்ளை, எழுந்து தவழ்ந்து ஓட வேண்டிய பிள்ளை, கண்ணைத் திறந்தபடி அப்படியே கிடந்தாள். என்ன பொறுமை என்று எல்லோரும் சொன்னார்கள். சகாயம் மட்டும் என் தோளைத் தொட்டாள்.

"ஏங்க, ஏன் இவ அசைய மாட்டேங்குறா?"

"சும்மா இரு. நல்ல புள்ள."

அதற்கு முன்பே பிள்ளை சுவர்ச் சுண்ணாம்பைப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்திருந்தாள். மண்ணை அள்ளி வாயில் போடுவாள். கையில் அடித்தோம். அடித்தாலும் பெரிதாக அழ மாட்டாள்.

பொங்கல் முடிந்து போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். பள்ளிக்கூட வாசலில் வரிசை. நர்சம்மா சொட்டு விட இவள் வாயைத் திறந்தவர், மூடவில்லை. உதட்டைப் பிதுக்கிப் பார்த்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். சொட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, புள்ளைக்கு ஒடம்புல ரத்தமே இல்லையே. இப்பவே திண்டுக்கல் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க."

மில்லுக்கு ஆள் அனுப்பிச் சகாயத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பிள்ளை நெஞ்சு துடிப்பது சேலைக்கு மேலேயே தெரிந்தது.

டாக்டரம்மா கேட்டார். சகாயம் மூச்சு விடாமல் சொன்னாள். கூழ், பருப்புச் சோறு, பழம், எல்லாம் தினமும் செய்து வைத்துவிட்டுத்தான் போகிறேன் என்றாள்.

"செஞ்சு வைக்கிறீங்க சரி. திங்குதா?"

சகாயம் என்னைப் பார்த்தாள்.

"திங்குது," என்றேன்.

டாக்டரிடமும் சொன்னேன். அதைத்தான் என்னால் இன்றைக்கும் செரிக்க முடியவில்லை.

டாக்டரம்மா ரத்தச் சோதனைச் சீட்டை மறுபடி விரித்துப் பார்த்தார். "சோறு நல்லாத் தின்னுட்டும் ரத்தம் இம்புட்டுக் கொறைஞ்சிருக்குன்னா வேற ஏதோ இருக்கு. மதுரைக்கு அனுப்பணும். எலும்புல ஊசி போட்டுப் பாக்கணும்." சகாயம் பிள்ளையின் முதுகெலும்பைத் தடவிப் பார்த்தாள்.

அவள் சீட்டு வாங்கப் போனதும் நான் உள்ளே திரும்பிப் போனேன்.

"திங்கலம்மா. பாலு மட்டுந்தான் குடுத்தேன்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"ஒரு லிட்டருக்கு மேல வரும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பால்ல எல்லாம் இருக்கு, ரத்தம் ஊறுற சத்து கெடையாது. வயிறு பூரா பாலு நின்னா பசி எப்புடி வரும்? பசிச்சாத்தான சோறு திங்கும். சோறு மொதல்ல குடுங்க. பாலு நாளைக்கு ரெண்டு டம்ளர் போதும். பாட்டிலைத் தூக்கிப் போடுங்க." மருந்துச் சீட்டை நீட்டியபடி, "ஒங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லிருங்க," என்றார்.

"சொல்றேம்மா," என்றேன்.

மதுரைக்குப் போகவில்லை; சகாயத்திடம் வெறும் சத்துக் குறைவுதான் என்று மட்டும் சொன்னேன். சின்னப் பையில் ரத்தம் ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க உதடு சிவந்தது. காது சிவந்தது. டானிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் பிள்ளையின் சொந்த நிறம் திரும்பிவிட்டது. என் நிறம்தான். நல்ல கறுப்பு. அவ்வளவு அழகான கறுப்பை நான் பார்த்ததில்லை.

அக்காள் வீட்டுக்கு வந்தாள். "என்னலே, ஆஸ்பத்திரிக்குப் போயி புள்ள கறுத்துப் போச்சு?" என்றவள், ரத்தம் ஏற்றிய விஷயம் தெரிந்ததும் சகாயத்தின் பக்கம் திரும்பிவிட்டாள். "பால்குடிப் புள்ளைய விட்டுட்டு வண்டி ஏறுனா இப்புடித்தான் ஆகும். புள்ள ரத்தத்தையும் பஞ்சாக்கிட்டா மகராசி."

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் மாட்டுக் கயிறு இருந்தது. கயிற்றைச் சுற்றிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் மில் வண்டி ரோட்டில் நின்று ஹார்ன் அடித்தது. சகாயம் போகவில்லை. மூன்று நாள் அடித்தது. பிறகு நிற்காமல் போனது. அவள் பிள்ளையை மடியில் வைத்துச் சோறு ஊட்டினாள். பசித்திருந்த பிள்ளை, ஒரே வாரத்தில் கிண்ணத்தை வழித்துத் தின்றது. "என் கையால குடுத்தாத்தேன் ஒடம்புல ஒட்டுது பாருங்க," என்றாள். நான் கிண்ணத்தை வாங்கிக் கழுவி வைத்தேன்.

சொல்ல நினைத்த நாள் உண்டு. நாள் தள்ளத் தள்ள, ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்பதே பெரிய விஷயமாகிவிட்டது.

நேற்றுக்கு வருகிறேன். பேரனும் துப்பினான். அப்படியே அவன் அம்மா மாதிரி. உட்கார்ந்தேன். எனக்கு இப்போது புல்லறுக்கிற வேலை இல்லை. காக்காயைக் காட்டினேன், கரண்டியைத் தட்டினேன். ஆறு வாய் தின்றான். அதற்கு மேல் உதட்டை இறுக்கிக்கொண்டான். விட்டுவிட்டேன். செத்த நேரம் கழித்துத்தான் பால் கொடுத்தேன். மிச்சத்தை மூடி வைத்தேன்.

சாயங்காலம் மகள் வந்தாள். சகாயம் சாவு வீட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்றாள்.

"சாப்ட்டானாப்பா?"

"ஆறு வாயி. மிச்சம் கிண்ணத்துல இருக்கு."

"பரவாயில்லயே."

சகாயம் சிரித்தாள். "நீ அப்ப தெனமும் முழுசும் தின்னுருவியாம்டி. ஒங்கப்பா சொல்லுவாரு."

"திங்கல," என்றேன்.

"எது திங்கல?"

"இவ. அப்ப. நீ வச்சுட்டுப் போன சோத்த மாட்டுக்குப் போட்டேன். பாலு மட்டுந்தான் குடுத்தேன்."

மகள் சிரிக்க வாயெடுத்தவள் அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எத்தன நாளு?"

"நீ மில்லுக்குப் போன நாளெல்லாம்."

"பழம்?"

"நான் தின்னேன்."

சகாயம் ஈர முடியின் நுனியை இரண்டு விரலால் சுண்டிக்கொண்டே இருந்தாள். நூல் ஒட்டுகிற அதே சுண்டு. நான் அதைப் பார்த்துப் பல வருடம் ஆகிறது.

"டாக்டரம்மாவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொன்னேன்."

"ஒங்க அக்காளுக்கு?"

"தெரியாது."

"சட்டையப் போட்டுட்டுப் போயிச் சொல்லிட்டு வாங்க."

போனேன். அக்காளுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. மெதுவாகச் சொன்னேன். "என்னலே?" என்றாள். உரக்கச் சொன்னேன். "என்னலே?" மூன்றாவது தடவை நான் சொன்னது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். மாட்டுக்குப் போட்டதையும், பழத்தையும், டாக்டரிடம் சொன்ன பொய்யையும், எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அக்காள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அந்த மில்லு இப்ப ஓடுதாலே?"

"இல்லக்கா. மூடி வருசக் கணக்காச்சு. பிளாட்டுப் போட்டுக் கல்லு நட்டுட்டாங்க."

"ஓ," என்றாள்.

திரும்பி வந்தேன். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தாள். சகாயம் உள்ளே படுத்திருந்தாள். கிண்ணம் மேடையில் இருந்தது, யாரும் கழுவவில்லை. மிச்சத்தைக் கொட்ட எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன், காலுக்கு இருந்த பழைய பழக்கத்தில். தொழுவம் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை. செவலை மாடு போய்விட்டது, அதன் கன்றும் போய்விட்டது. தொட்டியை உடைத்துத்தான் அந்தத் தரைக்கு அடியில் நிரப்பினோம்.

கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.