யாருடைய சூடு

ஜெசிந்தா மேடம் போய்விட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது கடையில் விதை நெல் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஆற்றில் தண்ணீர் வந்த நேரம், வேலையை நிறுத்த முடியவில்லை. ஏற்றி அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். இந்த வயதில் இப்படிப்பட்ட போன்கள்தான் வருகின்றன.

அவருடைய வேலை, அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். முடியைவிட மெல்லிய இரண்டு உலோகக் கம்பிகளை நுனியில் இணைத்து, உயிருள்ள செல்லுக்குள் ஊசிபோலச் செருகுவார். அங்கே உண்டாகும் துளி மின்சாரத்தை வைத்துச் சூட்டை அளப்பார். அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு விதை நெல் கொடுக்க நான் போகும்போதெல்லாம் ஊசி உடைந்திருக்கும். "இன்னிக்கு ஆறு போச்சு பாய், டீ சொல்லுங்க" என்பார்.

ஒரு சம்பா பருவத்தில், அவருடைய ஊரான வலங்கைமானுக்கு அனுப்பவிருந்த விதையில் கொஞ்சம் ஊறவைத்து, சாக்கில் கட்டிப் பார்த்தேன். மறுநாள் கையை விட்டால் கதகதவென்று இருந்தது. சூடு இருந்தால் உயிர் இருக்கிறது, முளை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கணக்கு. அதில் ஒரு பிடியைப் பெருமையாக அவரிடம் கொடுத்தேன்.

நெல்லைக் கழுவினார். அவித்த நெல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் ஊசியைச் செருகினார். வித்தியாசமே இல்லை. பத்துப் பதினைந்து நெல்லில் பார்த்தும் அப்படியேதான்.

"சாக்குல இருந்தது உமிமேல வளர்ற பூஞ்சையோட சூடு பாய். நெல்லு செத்துப்போச்சு."

"உங்க ஊசிக்கு முன்னாடியே என் கை இருக்கு மேடம்."

"சூடு இருக்குன்னு கைக்குத் தெரியும். யாரோட சூடுன்னு தெரியாது" என்றார். வாதாடவில்லை, அலுத்துப்போயிருந்தார். "அனுப்புறது உங்க இஷ்டம். விதைக்கப் போறது எங்க ஊர் ஆளுங்க."

கோபத்தோடுதான் வந்தேன். ஆனால் லாரியை நிறுத்தினேன். விவசாயிகள் ஏசினார்கள், சிலர் வேறு கடைக்குப் போனார்கள். மூன்றாம் நாள் சாக்கை அவிழ்த்தால் புளித்த வாடை. ஒரு முளைகூட இல்லை. வேறு விதை வாங்கி அனுப்பினேன்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்களிடம், கையை விட்டுப் பார்த்தேன், சரியில்லை என்றேன். வியாபாரிக்குப் பேர் முக்கியம். அந்தப் பேர் நன்றாகப் பரவியது. மேடம் காதுக்கும் போனது. "உங்க கையப் பத்திதான் எங்க ஊர்ல பேச்சு பாய். பத்திரமா வச்சுக்குங்க" என்றார். யாரிடமும் அதை மறுத்துச் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் கைமேல் ஒரு சந்தேகம். முளையைக் கண்ணால் பார்க்காமல் இப்போது எந்த விதையையும் அனுப்புவதில்லை. வலங்கைமான்காரர்களே, அந்த வருடம் உங்கள் நாற்றங்காலைக் காப்பாற்றியது நான் இல்லை. அவர் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.