வெள்ளக் கோட்டின் மேல் சுண்ணாம்பு

பழைய வெள்ளங்களின் அளவைத் தேடிப் போவது என் பொழுதுபோக்கு. ஆற்றங்கரை மண்டபத் தூணிலோ பாலத்தின் காலிலோ யாராவது கோடு கிழித்து ஆண்டு எழுதியிருந்தால் குறித்துக்கொண்டு வருவேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஸ்ரீவைகுண்டத்துக்குள் புகுந்து வடிந்த பிறகு, எங்கள் மையத்தின் சுவரில் தண்ணீர் விட்டுப்போன கறையின் ஓரமாக நானே கரியால் கோடு போட்டுத் தேதியை எழுதினேன். ஜன்னலின் மேல்சட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றது அந்தக் கோடு.

மையம் நடந்தது முன்பு வாழைத்தார் மண்டியாக இருந்த கட்டடத்தில். மண்டிக்கார அண்ணாச்சி வாடகை வாங்காமல் கொடுத்திருந்தார். நடக்க முடியாத, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளைப் பகலில் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டோம். நடத்தியவர் பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர். எழுத்து வேலை என்னுடையது. பிள்ளைகளின் தாய்மார்கள் பெரும்பாலும் வாழைத்தோட்டக் கூலிகள். அவர்களில் ஒருத்திக்கு ஒரே மகள். பெரிய மனுஷியாகிவிட்ட பெண். பிடிமானம் இல்லாமல் உட்காரக்கூட முடியாது, வலிப்பும் உண்டு. காலையில் எங்கள் ஆட்டோ வந்து மகளை ஏற்றிக்கொண்டால்தான் அந்தத் தாய் தோட்டத்துக்குப் போக முடியும். புருஷன் இல்லை.

வெள்ளம் எங்கள் சாமான்களை மட்டும் கொண்டுபோகவில்லை, உதவி செய்தவர்களையும் முடக்கிப் போட்டது. அண்ணாச்சியின் வாழை மொத்தமும் சாய்ந்தது. மாதாமாதம் கொடுத்துவந்த கடைக்காரர்கள் தங்கள் கடையில் சேறு அள்ளிக்கொண்டிருந்தார்கள். கோடைக்கு மேல் ஆட்டோ ஓடாது என்று தெரிந்துவிட்டது. அப்போதுதான் பெங்களூரிலிருந்து ஓர் அறக்கட்டளை, வெள்ளம் பாதித்த பகுதியில் ஒரே ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்துச் சில ஆண்டுகள் தாங்கப் போவதாக அறிவித்தது.

அவர்களுடைய விதிமுறைகளை வரி விடாமல் படித்தேன். முதலில் விண்ணப்பம். அதில் தேறினால் நேரில் வந்து பார்ப்பார்கள். பார்த்ததை வைத்து, தேவை எவ்வளவு, செய்துமுடிக்கும் திறமை எவ்வளவு என்று இரண்டுக்கும் மதிப்பெண் போடுவார்கள். கடைசியில் ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்யும். குறைசொல்ல முடியாத முறை. இப்போதும் அப்படித்தான் சொல்வேன். முதல் கட்டத்தில் தேறிவிட்டோம். மாசி மாதம் வருவதாகத் தகவல் வந்தது.

அந்தத் தகவல் வந்த அன்றே டீச்சர் வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டார். அந்தக் கரிக்கோட்டையாவது விட்டுவையுங்கள், அவர்கள் பார்க்க வேண்டியதே அதுதான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"நாலு பேரு வாற எடத்துல அழுக்குச் செவத்தையா சார் காட்டுவாக?" என்றார். "நம்மள நம்பித் துட்டு குடுக்க வாறாக. வீட்டச் சுத்தமா வைக்கத் தெரியாதவனுக்கு எவன் குடுப்பான்?"

அதோடு நிற்கவில்லை. நடைபழகும் கம்பியும் பெரிய பந்துகளும் பாளையங்கோட்டையில் தெரிந்த ஓர் இல்லத்திலிருந்து ஒருநாள் இரவலாக வந்து இறங்கின. கல்யாண மண்டபத்திலிருந்து நாற்காலி, மின்விசிறி. பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் உடுப்பு. அண்ணாச்சி திருநெல்வேலி டவுணுக்கே ஆள் அனுப்பிச் சுடச்சுட அல்வா வாங்கிவரச் சொன்னார். பெண் பார்க்க வரும் வீட்டைப்போல இருந்தது மண்டி.

வந்தவர்கள் இரண்டு பேர். நடுவயது அதிகாரி ஒருவர், தமிழ் நன்றாகப் பேசும் இளம்பெண் ஒருத்தி. மரியாதையானவர்கள். அல்வாவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, டீச்சரின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். தண்ணீர் எதுவரை வந்தது என்று அதிகாரி கேட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்திக் காட்டினார். அவர் சுவரைப் பார்த்தார். சுவர் பளிச்சென்று இருந்தது.

பிறகு அந்தப் பெண் தாய்மாரிடம் பேச வேண்டும் என்றாள். நான் சொன்னேனே, அந்தத் தாயைத்தான் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு, தலைக்குப் பூ வைத்து வந்திருந்தாள். என்ன கஷ்டம் இருக்கிறது, எது இல்லாமல் சிரமப்படுகிறீர்கள் என்று அந்தப் பெண் விதவிதமாகக் கேட்டாள். இவள் டீச்சரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"ஒரு கொறையும் இல்லம்மா. டீச்சரம்மா எல்லாம் நல்லாப் பாத்துக்கிடுதாக."

குறை சொன்னால் டீச்சரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகிவிடும் என்று அவள் நினைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டாள்.

பங்குனியில் பதில் வந்தது. உங்கள் மையம் சிறப்பாக நடக்கிறது, போதிய வசதிகளோடு இருக்கிறது. தேவை அதிகமுள்ள இன்னோர் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம், வாழ்த்துகள். திறமைக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருந்ததாம். பதிலை நான் தமிழில் சொல்லச் சொல்ல டீச்சர் கேட்டார். "நல்லாத்தான் சொல்லியிருக்காக" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்குச் சோறு ஊட்ட உள்ளே போனார்.

தேர்வானது டவுணில் அலுவலகம் வைத்திருக்கும் அமைப்பு. அவர்கள் வேலை செய்யாதவர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆற்றோரக் கிராமம் ஒன்றில் வெள்ளம் புகுந்த தங்கள் அறையை மாசிவரை கழுவாமலே வைத்திருந்தார்கள். அறக்கட்டளைக்காரர்கள் அதைப் படமெடுத்துப் போனதாக அண்ணாச்சிக்கு எப்படியோ தகவல் வந்துவிட்டது.

"அவன் பொழைக்கத் தெரிஞ்சவன் வே" என்றார் என்னிடம். "நாமளும் சுண்ணாம்புக்குப் பதிலா ரெண்டு கூடை சேத்த வாங்கி அடிச்சிருக்கணும். அல்வா வேற. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

வைகாசியோடு ஆட்டோ நின்றது. ஆனியில் மையத்தை மூடினோம். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று பார்த்தேன். ஒற்றைப் பூச்சுச் சுண்ணாம்பை மீறிக் கறை மஞ்சளாகக் கிளம்பியிருந்தது. என் கரிக்கோடுகூட மங்கலாகத் தெரிந்தது. டீச்சர் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மையத்தில் கிடந்த சாய்வு நாற்காலியை அந்தத் தாயின் மகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலைநாட்களில் தாய் கதவை வெளியே பூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்வருகிறாள். மத்தியானம் ஓடிவந்து பார்த்துவிட்டு மறுபடி ஓடுவாள். வானம் இருட்டினால், மறுபடி வெள்ளம் வந்துவிடுமோ என்று வேலையில் கை ஓடுவதில்லை என்றாள்.

நான் இருக்கும்போதே டவுண் அமைப்பிலிருந்து ஒரு சின்னப்பெண் வந்தாள். இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனியாக விடக்கூடாது என்று தாய்மாருக்குப் பயிற்சி நடத்துகிறார்களாம், அறக்கட்டளையின் உதவியோடு. புதன்கிழமை பகலில். பஸ் காசும் சாப்பாடும் உண்டு. தாய் வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கிவந்து உடைத்துக் கொடுத்தாள். கட்டாயம் வந்துருதேன் என்றாள். வந்த பெண் குடித்து முடித்து, பெயரைக் குறித்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள்.

அவள் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தாய் என் பக்கம் திரும்பினாள்.

"நான் அங்கன போயிட்டா இவள யாரு சார் பாத்துக்கிடுவா?"