கொட்டகையைவிட்டு நாங்கள் ஓடியது ஏன்

பெங்களூரிலிருந்து வரும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர் எனக்கு ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். கோலார் தங்கவயல்காரர்கள் ஒரு காலத்தில், வேற்றுக் கிரகத்து ஆட்கள் பூமியைப் பிடிக்க வரும் இங்கிலீஷ் தொடர் படம் ஒன்றைப் பார்த்தார்களாம். திரையில் ஆகாயக் கப்பல் இறங்கியதும், நிஜமாகவே வந்துவிட்டார்கள் என்று மொத்தக் கொட்டகையும் எழுந்து ஓடிவிட்டதாம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓடினவர்களில் நானும் ஒருத்தி என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார். ஏன் ஓடினோம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் பங்காருபேட்டை வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இதே கதையைக் கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி வரிசையில் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரையே பார்க்காதவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தகரக் கூரை போட்ட சினிமாக் கொட்டகை ஒன்று இருந்தது. சனிக்கிழமை சாயங்கால ஆட்டத்தில், தமிழ்ப் படத்துக்கு முன்னால் இந்தத் தொடரில் ஒரு பாகம் போடுவார்கள். மீதி அடுத்த சனிக்கிழமை. இங்கிலீஷ் எங்களில் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால் கொட்டகை மேனேஜர் படம் ஓட்டுகிற மெஷின் ரூமில் மைக்கை வைத்துக்கொண்டு தமிழில் கதை சொல்லுவார்.

கதை இதுதான். ஆகாயத்திலிருந்து ஒரு கூட்டம் வருகிறது. நம் ஆட்களைப் பிடித்துப் பூமிக்கு அடியில் இறக்கி, ஏதோ ஒரு தாதுவைத் தோண்ட வைக்கிறது. அந்தக் கூட்டத்தின் தலைவன் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு, கையில் ஒரு குச்சியோடு நடப்பான். முதல் பாகத்தில் அவன் வந்து நின்றதுமே பெஞ்சிலிருந்து ஒருவர், “இவன் ஆகாயத்துலேந்து வந்தானா, நம்ம மைன் ஆபீஸ்லேந்து வந்தானா?” என்று கேட்டார். சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது.

நாங்கள் பயந்தோம் என்கிறார்கள். நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவர்கள் கேட்டிருக்க வேண்டும். சுரங்கம் என்று காட்டுவார்கள், மேல் பாறையைத் தாங்க ஒரு கட்டை இருக்காது. தோண்டுகிறவன் சட்டை நனைந்திருக்காது. எங்கள் ஆண்கள் தங்கச் சுரங்கத்தில் கோவணம் பிழிகிற அளவுக்கு வேர்வையில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். “அவனை ஒரு ஷிப்டு இங்க அனுப்புடா” என்று திரையைப் பார்த்துக் கத்துவார்கள். கதாநாயகன் டைனமைட் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று கதாநாயகியோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் வெறுத்துப்போய் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆண்களில் யாரும் எல்லாப் பாகத்தையும் பார்த்ததில்லை. ஷிப்டு வாரா வாரம் மாறும். இந்த வாரம் காலை என்றால் அடுத்த வாரம் மத்தியானம், அதற்கடுத்து ராத்திரி. மத்தியான ஷிப்டு வந்தால் சனிக்கிழமை ஆட்டம் போச்சு. அதனால் பெண்டாட்டிகள் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு போய் மறுநாள் சுரங்கத்துக்குள் கூண்டில் இறங்கும்போது கதையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். கூண்டு என்று நான் எழுதுகிறேன், அவர்கள் கேஜ் என்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தத் தொடர்மேல் பைத்தியம். நான் ஒழுங்காகச் சொல்லவில்லை என்றால் சோறு இறங்காது.

“அவனுங்க கண்டிப்பா தோத்துடுவானுங்கமே” என்பார். “மேலேந்து வந்தவனுக்குக் கீழ இன்னா தெரியும்? ஒரே ஒரு ஏர் பிளாஸ்ட், அத்தோட முடிஞ்சிது.”

ஏர் பிளாஸ்ட் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ரொம்ப ஆழத்தில் தோண்டத் தோண்ட, பாறை பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும். யாரும் வெடி வைக்க வேண்டாம், அதுவாகவே வெடிக்கும். மேலே வீடு குலுங்கும், அலமாரியிலிருந்து தட்டு விழும். அது வந்தால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் கூச்சல் போட மாட்டார்கள், என்ன ஏது என்று கேட்கவும் மாட்டார்கள். செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, கூண்டு ஏறி இறங்குகிற ஷாப்டு கேட்டுக்குப் போவார்கள். யார் வீட்டு ஆள் கீழே இருக்கிறாரோ அவர்கள் முன்னால் போவார்கள். மற்றவர்கள் அந்த வீட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

நாங்கள் ஓடிய அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்காரருக்கு மத்தியான ஷிப்டு. பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரருக்கும் அதே ஷிப்டு, சுரங்கத்தில் அதே ஆழத்து லெவல். அக்கா வேதக்காரங்க, அதாவது கிறிஸ்தவர்கள், நாங்கள் பௌத்தர்கள். ஒரே தட்டிச் சுவர்தான் நடுவில். நானும் அக்காவும் தரையில் உட்கார்ந்து படம் பார்த்தோம். கொட்டகைக்குப் புது மேனேஜர் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பழைய மேனேஜர் நன்றாகக் கதை சொல்லுவார். இவர் திரையில் நடப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

ஆகாயக் கப்பல்கள் வரிசையாக இறங்கின. சத்தம் காதை அடைத்தது. அப்போது எங்களுக்குக் கீழே தரை தூக்கிப் போட்டது. தகரக் கூரை ஒரு தடவை உதறியது. அக்கா என் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் எழுந்தோம். எங்களோடு கொட்டகையே எழுந்தது. ஒரு சத்தம் இல்லை, காலடி மட்டும்தான். வெளியே வந்ததும்தான் ஓடினோம்.

மேனேஜர் மெஷின் ரூமில் இருந்தார். அந்த மெஷின் எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும், தரை ஆடியது அவருக்குத் தெரியவில்லை. அவர் ஓட்டை வழியாகப் பார்த்தது, கப்பல் இறங்கியதும் ஜனம் எழுந்து போனதும் மட்டும்தான். நாங்கள் வாசலைத் தாண்டும்போதும், இதோ வந்துவிட்டார்கள், இதோ வந்துவிட்டார்கள் என்று ஸ்பீக்கரில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷாப்டு கேட்டில் நின்றோம். கேஜ் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் எல்லோரும் முகங்களைத் தேடினோம். என் வீட்டுக்காரர் வந்தார். வலது கை தோளிலிருந்து தொங்கியது. என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளுடைய வீட்டுக்காரரைக் கொண்டுவர மறுநாள் மத்தியானம் ஆயிற்று.

அடக்கம் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். நாங்கள் குடியிருக்கும் லைனுக்குள் மாட்டு வண்டி ஒன்று தமுக்கு அடித்துக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் விளம்பரத் தட்டி கட்டியிருந்தார்கள். முன்னால் மேனேஜர் உட்கார்ந்து மெகாபோனில் கத்திக்கொண்டு வந்தார். தங்கவயலே பயந்து ஓடிய படமாம். பலவீனமான இதயம் உள்ளவர்கள் வர வேண்டாமாம். தட்டியிலும் அதையே எழுதியிருந்தது.

நான் குழாயடியில் இருந்தேன். குடத்தை வைத்துவிட்டுப் போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன்.

“இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு.”

“சும்மா விளம்பரத்துக்கும்மா. நீங்க பயந்தது ஊருக்கெல்லாம் தெரிஞ்சதுதானே. தப்பா எடுத்துக்காதீங்க.”

“யாரு பயந்தது? உன் அட்டைக் கப்பலைப் பாத்தா? தரை ஆடிச்சே, உனுக்குத் தெரியலியா?”

அவர் தமுக்கு அடிக்கிறவனைப் பார்த்தார். அவன் எங்கள் ஊர்க்காரன், தலையைக் குனிந்துகொண்டான். விபத்து நடந்தது தனக்குத் தெரியும் என்றார் மேனேஜர். அதற்கும் கொட்டகையில் நடந்ததற்கும் சம்பந்தம் இருப்பது தனக்குத் தெரியாது என்றார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். அத்தனை ஜனம் எழுந்து ஓடியிருக்கிறது. அதே சாயங்காலம் கீழே ஒரு மனுஷன் செத்திருக்கிறான். ஒருத்தரையாவது கூப்பிட்டு ஏன் ஓடினீர்கள் என்று இவர் கேட்கவில்லை. எங்களுக்குப் புத்தி அவ்வளவுதான் என்று அவர் முதலிலேயே முடிவு கட்டிவிட்டார்.

“எறங்கு” என்றேன். “தோ, அந்த வூடுதான். அங்க போய் சொல்லு, படத்தைப் பாத்து பயந்து ஓடினீங்கன்னு. அந்தக்கா முன்னாடி நின்னுதான் ஓடினாங்க.”

லைன் முழுக்க வெளியே வந்துவிட்டது. அவர் இறங்கினார், ஆனால் நகரவில்லை. அக்காவே கதவுத் தட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வண்டியில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தாள். என்னைப் போல அவள் கத்தவில்லை.

“அன்னிக்கு எங்க பின்னாடியே ஒரு நட வந்து பாத்திருக்கலாமே சார்” என்றாள்.

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள். தட்டிகளை மேனேஜரே அவிழ்த்து வண்டிக்குள் கவிழ்த்துப் போட்டார். ஆனால் எங்கள் லைன் அவருக்குக் கடைசி. அதற்கு முன்பே பங்காருபேட்டை கடைத்தெருவிலும் பேத்தமங்களா சந்தையிலும் அதைக் கத்தி முடித்திருந்தார். போன வார்த்தையை எந்த மாட்டைப் பிடித்து நிறுத்துவது? அந்தச் சனிக்கிழமை வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வந்ததாம். எங்கள் லைனிலிருந்து யாரும் போகவில்லை.

கடைசிப் பாகத்துக்கு மட்டும் போனேன். போகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரும் அந்த வார்டில் இருந்தவர்களும் முடிவைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பார்த்துவிட்டு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். நம்ம ஆட்கள் விமானத்தில் போய்க் குண்டு போட்டார்கள், ஆகாயக் கப்பல் எல்லாம் எரிந்தது, பூட்ஸ்காரன் செத்தான், கதாநாயகனுக்கு மாலை போட்டார்கள்.

“மேலயே முடிச்சிட்டானுங்களா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஆமா.”

கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிறகு, “கீழ தோண்டிக்கினு இருந்தவங்க இன்னா ஆனாங்க?” என்று கேட்டார்.

“அதைக் காட்டல.”

அடுத்த கட்டிலில் இருந்தவர் இன்னொரு தடவை கேட்டார், ஒருவேளை நான் கவனிக்கவில்லையோ என்று. நன்றாகத்தான் பார்த்தேன் என்றேன். காட்டவே இல்லை.