வாழை நார் அடைத்த டயர்

ரப்பர் விளைகிற மலேயாவை ஜப்பான்காரன் பிடித்ததும் எங்கள் ஊரில் முதலில் காணாமல் போனது சைக்கிள் டியூப்தான். அரிசிக்காவது கார்டு கொடுத்தார்கள். கால் கடுக்க நின்றால் புழுவும் கல்லுமாக ஏதோ ஒன்று பையில் விழும். டியூபுக்கோ தாலுகா ஆபீசில் மனுப் போட வேண்டும். இரண்டு முறை போட்டேன். "சர்க்கார் உத்தியோகஸ்தனுக்கே டியூப் இல்லங்கேன், வெத்தலைக்காரனுக்கு என்னலே அவசரம்?" என்று அங்கிருந்த குமாஸ்தா என் மனுவாலேயே விசிறிக்கொண்டார். அந்த ஆளை இன்று நினைத்தாலும் எனக்குப் பல் நறநறக்கிறது.

ஆத்தூர்க் கொடிக்காலிலிருந்து தூத்துக்குடிக்குச் சைக்கிளில் வெற்றிலை கொண்டுபோவது என் பிழைப்பு. போக மட்டும் பதினைந்து மைலுக்குக் குறையாது. கருக்கலிலேயே ஏற்றி, வெயில் ஏறுமுன் இறக்கிவிட வேண்டும். பின்சக்கரத்து டியூப் ஒட்டுப் போட இடமில்லாமல் கிழிந்துபோனபோது, மற்றவர்கள் செய்ததைப் போல டயருக்குள் வைக்கோலோ பழந்துணியோ அடைத்திருக்கலாம். நான் பெரிய மூளைக்காரன் அல்லவா, வாழை நார் அடைத்தேன்.

வெற்றிலை கட்டுவதற்காகத் தினமும் உரிக்கிற பச்சை நார்தான். அதைக் கட்டைவிரல் பருமனுக்கு முறுக்கி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுத் திணித்தேன். ஊறிய நார் டயரைக் கிண்ணென்று இறுக்கிப் பிடித்தது. வெற்றிலைக்காரன் கைக்குத் தண்ணீர் தெளிக்கத்தான் தெரியும். வெற்றிலைக்குத் தெளிப்போம், அதைச் சுற்றிய சாக்குக்குத் தெளிப்போம், கட்டுகிற நாருக்கும் தெளிப்போம். ஈரமாக இருக்கும் எதுவும் நன்றாக இருக்கும் என்பது எங்கள் எண்ணம். ஒரு வாரம் ஓட்டினேன். கேரியரில் இருந்த ஈரச் சாக்கு வழி நெடுகப் பின்சக்கரத்தின் மேல் சொட்டிக்கொண்டே வந்தது. திரும்புவதும் வெயில் தாழ்ந்த பிறகுதான். வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. மற்ற வெற்றிலைக்காரர்களை நிறுத்தி டயரை அமுக்கிப் பார்க்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. தலைப்பிரசவம் ஆகி நான்காம் நாள். முதலில் குளிர் நடுக்கம், பிறகு தொட்டால் கை சுடுகிற அனல். விடிவதற்குள் பிள்ளையை யாருடையது என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். பிள்ளையை என் அக்கா தூக்கிக்கொண்டாள். நான் ஓடிப்போய் ஆஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைக் கழுவினார்.

"உள்ள சீழ் வச்சிருக்கு. மாட்டு வண்டியில போட்டுக் குலுக்கிக்கிட்டுப் போனா தாங்க மாட்டா. இந்த மாத்திரை தூத்துக்குடியில கெடச்சா உண்டு. பொழுது சாயுததுக்குள்ள முதல் வேளை உள்ள போயிரணும். அதுக்கு மேல ஆச்சுன்னா என்னக் கேக்காத" என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த சீட்டை மடியில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அன்றைக்குக் கேரியரில் சுமை இல்லை. சுமையில்லாத வண்டி பறக்கும் என்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவு முட்டாள்.

போகும்போது பறக்கத்தான் செய்தது. மாத்திரைக்குத்தான் அலைந்தேன். முதல் கடையில் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்றார்கள். இரண்டாவது கடைக்காரர் சீட்டைப் படிக்கக்கூட இல்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை, அங்கே முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வச்சிருக்கேன், வேற ஒருத்தருக்கு எடுத்து வச்சது" என்று இழுத்தார். கடை வாசலிலேயே அவர் காலில் விழுந்தேன். தோணிக்குச் சரக்கு ஏற்றுகிற ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெட்கப்பட நேரமில்லை. "எந்திலே, எந்தி" என்று அவரே பதறிப்போய் மாத்திரைகளைத் தாளில் மடித்துக் கொடுத்தார். வெளியே வந்தபோது சூரியன் உச்சியில் நின்றது. இருந்தாலும் கணக்கு எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. மிதித்தால் இரண்டு மணி நேரம், எதிர்க்காற்று என்றால் இரண்டரை.

முள்ளக்காடு தாண்டியதும் பின்சக்கரம் நொடித்தது. இறங்கி அமுக்கினேன். ஒரு வாரமாகக் கல்லு போல இருந்த டயர் தொளதொளவென்று உள்ளே போயிற்று. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த நாரை இறுக்கமாக வைத்திருந்தது என் மூளை அல்ல, வெற்றிலைச் சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீர். வெறும் கேரியரும் உச்சி வெயிலும் சேர்ந்து நாரைச் சுண்ட வைத்துவிட்டன. சுண்டிய நார் டயருக்குள் சருகு மாதிரி உருண்டுகொண்டிருந்தது.

இரண்டு பக்கமும் உப்பளம். குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, பாத்தியில் கரிப்புத் தண்ணீர் மட்டும் தளதளவென்று நின்றது. தலைத்துண்டை அதில் முக்கி, டயரின் விளிம்பை நெம்பி உள்ளே பிழிந்தேன். திரும்ப ஓடினேன், முக்கினேன், பிழிந்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி எரிந்தது. ஏறி மிதித்தால் ஒரு பர்லாங் வரும், மறுபடி நொடிக்கும். பழையகாயலுக்கு இன்னும் தூரம் இருக்கையில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று, சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் சுற்றிக்கொண்டது. நான் ரோட்டில் விழுந்தேன். விழுந்ததும் முதலில் மடியைத்தான் தொட்டேன். மாத்திரை இருந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

டயரை இழுத்து எடுத்துக் கேரியரில் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு லாரி வந்தது. சண்டைக் காலத்து லாரி, பெட்ரோலுக்குப் பதில் கரி அடுப்பு வைத்து ஓட்டுகிற வகை. ஆத்தூர் வழியாக ஆறுமுகநேரி உப்பளத்துக்கு வெறுஞ்சாக்கு ஏற்றிப் போனது. கட்டுகள் மேலே மேலே ஏறி, அதற்கு மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவருக்கு என் அப்பா வயது இருக்கும். அவராகவே நிறுத்தினார்.

"எங்கலே போற?"

"ஆத்தூருக்கு, அண்ணாச்சி. வீட்டுல சொகமில்ல."

"அப்ப ஏறு. படியில நின்னுக்கோ. வண்டிக்கு எடமில்ல, அத அங்கன ஓரத்துல போட்டுட்டு வா."

நான் சைக்கிளைப் பார்த்தேன். அங்கே ஒரு குடிசை இல்லை, ஒப்படைக்க ஒரு முகம் இல்லை. அந்த நாளில் ரோட்டோரம் போட்ட சைக்கிள் ஒரு நாழிகை கிடக்காது. போனால் போனதுதான், வேறு வாங்க உலகத்திலேயே சைக்கிள் கிடையாது. அது இல்லாவிட்டால் என்னை எந்தக் கொடிக்காலில் சேர்ப்பார்கள்? இதையெல்லாம் நான் யோசித்தேனா, இல்லை கை தானாகவே ஹாண்டில்பாரை இறுக்கிக்கொண்டதா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

"நீங்க போங்க அண்ணாச்சி. டயரச் சுத்திக் கட்டிட்டு மெதுவா வந்திருவேன்" என்றேன்.

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்டாட்டி பெருசா, இந்த ஓட்ட வண்டி பெருசாலே ஒனக்கு?"

நான் குனிந்து கேரியரில் டயரைக் கட்டினேன். லாரி கிளம்பிற்று. அது கண்ணுக்கு மறைகிற நேரத்தில்தான், மாத்திரையை மட்டுமாவது அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாமே என்று தோன்றியது. ஆத்தூர் ரோட்டில் நிறுத்தி யாரிடம் கொடுத்தாலும் எங்கள் வீட்டில் சேர்த்திருப்பார்கள். "அண்ணாச்சி! அண்ணாச்சி!" என்று கத்திக்கொண்டு கரிப்புகைக்குப் பின்னால் ஓடினேன். யாருக்கும் கேட்கவில்லை. அப்படி ஓடும்போதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் ஓடியிருக்கிறேன். விட்டுவிட்டு ஓடவில்லை.

அதன் பிறகு வெறும் ரிம்மிலேயே ஏறி மிதித்தேன். சரளைக் கல்லில் இரும்பு கடகடவென்று இடித்து முதுகெலும்பு கழன்றுவிடும் போல இருந்தது. ஆரக்கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ரிம் நெளிந்து போர்க்கில் உரசியதும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாயில் வந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். இடையிடையே அதே வாயால் திட்டவும் செய்தேன். சூரியன் பனைகளுக்குக் கீழே இறங்குவதைப் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே போனேன். ஆனால் என் நிழல் நீண்டுகொண்டே போவது தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு ஏற்றிவிட்டார்கள். அவள் கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. அக்கா மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஸ்பூனால் ஊற்றினாள். பாதி கடைவாய் வழியாக வழிந்தது. டாக்டர் வந்து நாடி பார்த்து, நேரத்தைக் கேட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் அப்படியே கிடந்தாள். அந்த மூன்று நாளும் சுவரில் சாய்ந்து நின்ற சைக்கிளின் பக்கம் நான் திரும்பவில்லை. நான்காம் நாள் பிள்ளையைக் கேட்டாள். பிழைத்துவிட்டாள்.

நடந்ததை அக்கா அவளுக்குச் சொன்னாள், அக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு. அதன்பின் பல வருஷம் அவள் வாயில் அது ஒரு கதையாயிற்று. கல்யாண வீடு, துக்க வீடு எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. "எங்க வீட்டுக்காரவிய டயரே இல்லாம இரும்புச் சக்கரத்துலயே மிதிச்சு வந்தாவ. காலெல்லாம் ரத்தம். அவிய இல்லன்னா நான் ஏது?" என்பாள். கேட்கிற பெண்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் எனக்குத் தாங்கவில்லை. புதுச் சம்பந்தி வீட்டார் முன்னால் அதைச் சொல்லி முடித்து, கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் லாரி வந்து நின்றதைச் சொன்னேன். டிரைவர் கேட்டதையும் சொன்னேன்.

முறத்திலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டாள். பிறகு சொன்னாள்: "வண்டிய விட்டுட்டு வந்திருந்தா மறுநாளு எத வச்சுக் கஞ்சி குடிக்கது? நீங்க செஞ்சது சரிதான்."

குரலில் கோபம் இல்லை. நான் பயந்தபடி அழவும் இல்லை. அன்றைக்குச் சோறு போட்டாள், மறுநாளும் போட்டாள், எல்லாம் வழக்கம்போலத்தான். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை பக்கத்து வீட்டுக்காரி தானாகவே ஆரம்பித்து, "அண்ணாச்சி அன்னைக்கு சைக்கிள்ள வந்தாவளே, அதச் சொல்லேன்" என்று கேட்டாள்.

"அது எப்பவோ நடந்தது. அந்த டாக்டர் நல்ல டாக்டரு. மாத்திரை எழுதிக் குடுத்தாவ, பொழச்சேன்" என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.