மேனேஜருக்குக் காலில் புண்

என் சித்தப்பா மட்டும் பிறக்காமல் போயிருந்தால் மனித குலம் இன்னும் தரைத்தளத்திலேயே உட்கார்ந்திருக்கும். மேகத்தை இடிக்கும் கட்டடங்கள் எல்லாம் அவர் கையிலுள்ள ஸ்பேனரை நம்பித்தான் எழும்பின. அவர் தும்மினால் நகரத்தில் பாதி லிஃப்ட் நடுவழியில் நின்றுவிடும். மீதிப் பாதி, அவர் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை மரியாதைக்காகக் காத்திருக்கும். இவ்வளவு பெரிய லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. எப்போதோ கழற்றிய மோட்டார் மாடிப்படிக்கு அடியில் கோணிப்பைக்குள் தூங்குகிறது. நாங்கள் மூன்றாவது மாடி. சித்தப்பா தரைத்தளம். அவருக்கென்ன அவசரம்?

தரைத்தளத்தில் அவர் குடியிருப்பதே மேனேஜருக்காகத்தான். மேனேஜர் என்பது ஆமை. வேலை என்று எதுவும் கிட்டே வந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் குணத்தைப் பார்த்து, தன் கம்பெனியில் உள்ள ஒருவரின் நினைவாகச் சித்தப்பா வைத்த பெயர். காலையில் தான் பல் விளக்கும் முன்பே மேனேஜரை மடியில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்ப்பார். கண், மூக்கு, ஓட்டின் ஓரம், நாலு கால், ஒவ்வொரு நகம். ராத்திரி தூக்கம் எப்படி என்று விசாரிப்பார். அப்புறம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளியல். அந்தத் தண்ணீரில் மேனேஜர் வயிற்றைக் காலி செய்துவிட்டால் சித்தப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து தன்னை ஒருத்தரும் இப்படி விசாரித்ததில்லை என்பாள் சித்தி. அவள் சட்டைக் கம்பெனியில் தப்புத் தையல் கண்டுபிடிப்பவள். வீட்டுக்கு வந்தாலும் வேலை நேரம் முடியாது.

சித்தப்பாவின் போனில் 'ஆமைச் சொந்தங்கள்' என்று ஒரு குழு; அவர் அசந்த நேரம் நானும் எடுத்துப் படிப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடுவார்கள், மற்ற நாளெல்லாம் போனில். ரிட்டயர்டு பஸ் டிரைவர்தான் தலைவர். மூக்குக்கண்ணாடிக் கடை அக்கா அவருக்கு எதிர்க்கட்சி. இந்தக் குழுவின் பேச்சை நடுவிலிருந்து படித்தால் நோயாளி ஆமையா, மாமியாரா என்று கடவுளுக்கும் விளங்காது. எழுந்து நடக்கவே மாட்டேங்குது என்று ஒருவர் எழுதுவார். வெயிலில் விடுங்கள், கால்சியம் கொடுங்கள் என்று ஏழெட்டுப் பேர் பாய்ந்து வருவார்கள். கடைசியில் அது அவர் மச்சினனாக இருக்கும். ஒருமுறை டிரைவர் தன் மலச்சிக்கலைப் பற்றி மனம் திறந்தார். அக்கா அவரை அகலமான பேசினில் கழுத்து நனையாமல் உட்கார வைக்கச் சொன்னாள். அவரும் உட்கார்ந்தார். பலன் இருந்தது என்று மறுநாள் நன்றி சொன்னார்.

இந்தச் சபையில்தான் சித்தப்பா ஒரு நாள் சந்தேகம் கேட்டார். மேனேஜருக்கு இடது பின்னங்காலில் புண். திருகாணி குத்தியிருக்கும் போல. ஆறவே மாட்டேன் என்கிறது, ஆனால் வலியும் இல்லை. என்ன செய்யலாம்?

நான் கீழே போய் மேனேஜரைத் தூக்கிப் பார்த்தேன். நாலு காலும் பளபளவென்று இருந்தன. நாலையும் உதைத்துக் காட்டியது.

மேனேஜர் திருகாணி பக்கமே போனதில்லை. போகிறவர் சித்தப்பா. கொஞ்ச நாளாக அவர் நடையில் ஒரு சாய்வு இருந்தது. தண்ணீர்க் குடத்தைக் காலி செய்துகொண்டிருந்தார். என்ன சித்தப்பா கால் என்றால், புது ஷூ என்பார். தாத்தாவுக்கும் இப்படித்தான், சர்க்கரை, ஒரு சின்னப் புண். முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்த பிறகுதான் நின்றது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சித்தப்பா எழுந்து மேனேஜருக்குக் கீரை நறுக்கப் போய்விடுவார். சித்தி ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தால் கீரை இன்னும் பொடியாகும். தினமும் நாலு காலுக்கு டார்ச் அடிக்கிற மனுஷன், தன் இரண்டு காலைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்த அன்றைக்கு ஆமைக்காரர்களிடம் மருந்து கேட்கிறார்.

டிரைவர் போட்டோ கேட்டார். சித்தப்பாவும் புண்ணை மட்டும் நெருக்கி ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். ஓரத்தில் அவருடைய குதிகால் கொஞ்சம் விழுந்துவிட்டது. பல வருஷமாக கிரீஸும் சிமெண்டுமாக வெடித்துக் கிடக்கும் குதிகால் அது. இவ்வளவு அருமையான செதில் வரிகளைப் பார்த்ததே இல்லை என்றார் டிரைவர். இது சாதாரண ஆமை இல்லை, பாலைவன இனம் என்று அக்கா அடித்துச் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது சித்தப்பாவின் குதிகாலில்தான். அப்புறம் வைத்தியம் சொன்னார்கள்: அயோடினைத் தண்ணீர் கலந்து தொட்டு வை, ஈரம் படாமல் செய்தித்தாள் மேல் விடு, கீரையைக் கூட்டு.

அன்று சாயங்காலம் நான் போனபோது சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாள் மேல் காலை வைத்திருந்தார். கட்டைவிரல் அடியெல்லாம் பழுப்பு. தட்டில் கீரை.

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. ஒரு வாடை வந்தது, அயோடின் வாடைக்கு அடியில்.

வீட்டில் உள்ளவர்கள் சொன்னால் அவர் கேட்க மாட்டார். முன்பின் தெரியாத ஆமைக்காரன் சொன்னால் பேசினில்கூட உட்காருவார். அதனால் அம்மாவின் பழைய போனில் 'ஊர்வன டாக்டர்' பிறந்தார். ஸ்டெதாஸ்கோப் மாட்டிய ஆமை ஒன்றைப் படமாக வைத்தேன். டிரைவர் என்னைக் குழுவில் சேர்த்து, ஐயா வந்ததில் சபை பெருமை கொள்கிறது என்று எழுதினார். என் எட்டாம் வகுப்பு அறிவியல் வாத்தியார் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

டாக்டர் சுருக்கமாகப் பேசினார். இந்தப் புண் வளர்ப்பவரிடமிருந்து வருவது. அவர் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் ஆமைக்கு ஆறாது. வளர்ப்பவர் காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுக்கட்டும்.

மறுநாள் குழுவில் பாதிப் பேர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் நின்றார்கள். சிலர் கூடையில் ஆமையோடு. டிரைவர் தனக்கு ஒன்று, ஆமைக்கு ஒன்று என்று கேட்டு, அங்கிருந்த பெண்ணிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். வராத ஆள் ஒருவர்தான். சித்தப்பா 'நன்றி டாக்டர்' என்று ஒரு வரி போட்டுவிட்டு லிஃப்ட் பார்க்கக் கிளம்பிவிட்டார், சாய்ந்து சாய்ந்து.

டாக்டருக்குக் கோபம் வந்தது. வளர்ப்பவர் பரிசோதனைக்குப் போகும்வரை ஆமையை அவரிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று எழுதினார். புண் உள்ள காலுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் வரிசையாக எழுதினார், கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே. கண்ணாடிக் கடை அக்கா உடனே புறப்பட்டாள். பாலைவன இனத்தைப் பார்க்கும் ஆசையும் இருந்திருக்கும். பெரிய கூடையோடு வந்து கதவைத் தட்டினாள். சித்தப்பா மேனேஜரை மார்போடு அணைத்துக்கொண்டு, போனில் டாக்டர் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு மேனேஜரைச் சித்தி கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். ஒரு செருப்பு காலில் ஏறவில்லை. வீங்கியிருந்தது.

நான்தான் ஆட்டோவில் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்த நிஜ டாக்டரம்மா குதிகாலைப் பாராட்டவில்லை. சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு, எப்படி நடந்து வந்தீங்க என்று மட்டும் கேட்டார். அன்றே படுக்க வைத்து, அழுகியதைச் சுத்தம் செய்தார்கள். கால் தப்பியது. விரலும் தப்பியது, ஆனால் இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, சித்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சித்தி கட்டின் ஓரத்தைத் தடவித் தடவி, பிரிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதை எழுதுவது அந்த வார்டில்தான். சித்தி டீ வாங்கப் போயிருக்கிறாள். சித்தப்பா தூங்குகிறார் என்று நினைத்து அவர் போர்வையைச் சரி செய்தேன்.

"டாக்டரம்மா," என்றார், கண்ணைத் திறக்காமல்.

நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"உன்னத்தான் கூப்பிடறேன். ஊர்வன டாக்டரம்மா."

"என்ன சித்தப்பா உளர்றீங்க? காய்ச்சலா?"

"குரூப்புல நான் இடது கால்னுதான் போட்டேன். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு. உங்க டாக்டர் கோவத்துல வலது காலத் தூக்கி வைக்கச் சொன்னாரு." ஒரு கண்ணைத் திறந்தார். "அப்பதான் தெரிஞ்சுது, நம்ம வீட்டுல ஒருத்தி நான் நடக்கறதப் பாத்துக்கிட்டே இருந்திருக்கான்னு. அதான் வந்தேன். அந்தக் கூடைக்குப் பயந்து இல்ல."

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஜன்னல் பக்கம் தூசி என்றேன்.

"தூசியெல்லாம் அப்புறம் பாரு. டிரைவர் கேட்டாரு, டாக்டர் ஐயாவ நேர்ல பாக்க முடியுமான்னு. ஞாயித்துக்கிழமை பூங்காவுக்கு வர்றாருன்னு சொல்லிட்டேன். எல்லாரும் ஆமையோட வர்றாங்க. டிரைவருக்கு மறுபடியும் வயித்துப் பிரச்சினையாம், அதையும் நீதான் பாக்கணும்."